நான் பார்த்துவிட்டதாகச் சொன்ன பரிசோதனை

நாங்கள் படித்த காலத்தில் கோவை, ஈரோடு பக்கம் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் பயோடெக்னாலஜி என்று ஒரு வகுப்பு புதிதாகத் தொடங்கியிருந்தது. அதைப் படித்தால் வெளிநாட்டுக்கே போய்விடலாம் என்று யாரோ சொல்லி அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். படித்து முடித்தவர்களில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில்தான் வந்து நின்றோம். எனக்கு அங்கே மண்ணரை என்ற பகுதியில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. துணியை வட்டமாக வெட்டி எடை பார்க்க வேண்டும், துவைத்துச் சுருக்கம் பார்க்க வேண்டும், தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். படித்த படிப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் சிரித்துவைப்பேன்.

அந்தப் படிப்பில் ஒரே ஒரு வகுப்புதான் எனக்கு மறக்காமல் நின்றது. இரண்டாம் வருஷம் மரபணு பாடம் எடுத்த மேடம், பரம்பரையாக வரும் ஒரு தசை நோயைப் பற்றிச் சொன்னார். ஆண் பிள்ளைகளுக்கு வரும். நாலைந்து வயதில் அடிக்கடி விழுவார்கள். கெண்டைக்கால் பருத்துத் தெரியும். தரையில் உட்கார்ந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வயதில் நடை நின்றுவிடும். இருபதைத் தொடுவதே கஷ்டம். இப்படிச் சொல்லிக்கொண்டே கரும்பலகையில் ஒரு குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்த கட்டங்களைச் சாக்பீஸால் நிரப்பினார். நோய் தனக்கு வராமல் பிள்ளைக்குக் கடத்தும் பெண்ணுக்கு வட்டத்துக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.

மேடமுக்குத் தெரியாது, ஆனால் அது எங்கள் வீடு. நிரப்பிய ஒரு கட்டம் என் அம்மாவின் அண்ணன். இன்னொரு கட்டம் என் தம்பி. புள்ளி வைத்த வட்டம் அம்மா. தம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் வரைந்து, அதற்குள் புள்ளிக்குப் பதிலாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார் மேடம். அது நான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு நடந்த எதுவும் எனக்கு நினைவில்லை.

என் தம்பி பதினாறு வயதில் போனான். எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் அமராவதி வாய்க்கால் ஓடும். அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் உட்கார வைப்பார். பெரிய மாமனும் இப்படித்தான் நடக்க முடியாமல் கிடந்து போனார் என்று அம்மா சொல்வாள். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான் கேட்காமலேயே எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னைப் பற்றித்தான் வரும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் இருக்கும். அதே மேடம் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். மரபணு சோதனைகளைப் பற்றி ஜனங்களிடம் பேசி, அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஒரு திட்டம் கிடைத்திருக்கிறதாம். ஊர் ஊராகக் கூட்டம் போட வேண்டும். டாக்டர்கள் பேசினால் பாதி இங்கிலீஷாக இருக்கிறது. மேடமுக்கோ சென்னைப் பக்கம் சொந்த ஊர், அவர் பேச்சு இங்கே ஒட்டவில்லை. "உங்க ஊர் பாஷையில நீ பேசினா கேப்பாங்கம்மா," என்றார். மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. ஏன் மாட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் சரி என்றேன்.

முதல் கூட்டம் அனுப்பர்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. முப்பது பேர் வந்திருப்பார்கள். பாதிப்பேர் பாத்திரப் பட்டறைக்காரர்கள். நான் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, புதுப் பருத்தி விதை போட்டார்களே, அதில் ஏதோ பூச்சியின் சத்தைச் சேர்த்திருக்கிறார்களாமே, மனுஷனுக்கும் அப்படிச் சேர்க்கப் போகிறீர்களா என்று கேட்டார். இன்னொருவர் பையனா பெண்ணா என்று இதில் தெரியுமா என்றார். அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று மேடம் சொன்னதும், அப்புறம் எதற்கு இந்தச் சோதனை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வீர்கள், எங்கே வைப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள் என்று கேட்டார். அவருக்கு இருந்த பயம் எனக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் பதில் சொன்னது போல அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. மேடம்தான் சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தை எங்கள் கம்பெனி கேண்டீனிலேயே வைக்க முதலாளி சம்மதித்தார். மதியச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம். நூற்றுக்கும் மேலான ஆட்கள் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கட்டிங் மாஸ்டர். ஐம்பது வயது இருக்கும், சொந்த ஊர் கொமரலிங்கம் பக்கம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் அவரைக் கண்டால் ஒதுங்கித்தான் போவேன். எங்கள் அப்பா தம்பியைத் தூக்கிக்கொண்டு போவதை அவர் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாதகம் பொருந்தியிருந்தது. தம்பி எதில் இறந்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டதற்குக் காய்ச்சல் என்று அப்பா சொல்லியிருந்தார். மாஸ்டர் இந்தக் கூட்டத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரன் கலைந்துவிடும்.

அந்தப் பயத்தோடுதான் மைக்கைப் பிடித்தேன். சுலபமாகச் சொல்ல வேண்டுமே என்று துணியை வைத்தே விளக்கினேன். துணி பின்னும் நிட்டிங் மிஷினில் ஓர் ஊசி கெட்டுப்போனால் துணி நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே வரும், நூல் நல்ல நூலாக இருந்தாலும் கோடு விழும், அதைப் போலத்தான் இதுவும் என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கே என் சாமர்த்தியத்தில் கொஞ்சம் திருப்தி வந்தது. பிறகு நோயின் அடையாளங்களைச் சொன்னேன். தொடையில் கையை ஊன்றி எழுந்திருப்பதைச் சொன்னபோது செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்து நின்றாள். தேனிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள்.

"கோடு விழுந்த துணிய நாங்க டேமேஜுன்னு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிருவோம் மேடம்," என்றாள். "எம்புள்ள அப்பிடித்தான் கைய ஊண்டி எந்திரிக்கிறான். அப்ப அவன் டேமேஜா?"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டே நின்றேன். இல்லை என்று சொன்னால் போதும், அதுகூட வாயில் வரவில்லை. என் தம்பியைத்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடம் எழுந்து வந்து, பிள்ளைக்கு வந்த நோயைச் சொல்கிறோமே தவிர பிள்ளையைச் சொல்லவில்லை, உதாரணம் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தது.

நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் சொன்னீங்க அம்மிணி," என்றார். பிறகு குரலை இறக்கி, "நீங்க பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"பாத்துட்டனுங்க. ஒண்ணும் இல்லீங்க," என்றேன்.

"அப்பச் சரிங்க. சொல்றவங்க மொதல்ல பாத்திருப்பீங்கன்னுதான் நானும் நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுக் கட்டிங் பக்கம் போனார். அவர் முகத்தில் நிஜமான நிம்மதி இருந்தது. எங்கள் வீட்டுத் துக்கத்தைத் தெரிந்த ஒருவர் என் பொய்யை நம்பி எனக்காகச் சந்தோஷப்பட்டார். அதை நினைக்க எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அந்தச் செக்கிங் பெண் சோதனைக்கூடத்துக்கு வந்தாள். மாஸ்டர் அவளிடம் பேசியிருக்கிறார். என் வீட்டு விஷயம் எதையும் சொல்லவில்லை. 'அந்த அம்மிணியே தனக்குப் பாத்துக்கிட்டாங்களாம், பயப்படாமப் போய்ப் பாரு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "நீங்களே பாத்துருக்கீங்க, அப்பறம் எனக்கென்ன பயம். எங்க போகணும்னு சொல்லுங்க மேடம்," என்றாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே பையன். இப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேடமிடம் சொல்லிக் கோவையில் ஒரு மருத்துவமனையில் ஏற்பாடு செய்தோம். அவள் கணவனுக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்ள முடியாததால் நான் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனேன். முதலில் பையனுக்கு ரத்தம் எடுத்தார்கள். பத்து நாளில் முடிவு வந்து நோய் உறுதியானது. மரபணுவில் எந்த இடத்தில் பழுது என்பதும் தெரிந்தது. அதே பழுது தாயிடமும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் வயிற்றுப் பிள்ளையையும் பன்னிரண்டாவது வாரத்தில் சோதிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அப்படிச் சோதித்து நோய் இருப்பதாகத் தெரிந்தால் என்ன செய்வது என்பதையும் நிதானமாகவே சொன்னார். அது உங்கள் முடிவு, நாங்கள் இப்படிச் செய் அப்படிச் செய் என்று சொல்ல மாட்டோம் என்றார்.

மறுபடி போய் அவளுக்கு ரத்தம் எடுத்த பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பையன் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கெண்டைக்கால் என் பக்கமாக நீண்டிருந்தது. என் தம்பியின் கால் போலவே இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"வேணாம்னு முடிவு பண்ணுனா, நாளைக்கு இவன் என்னையக் கேப்பானே மேடம். என்னைய மாதிரி இருந்ததாலதான் வேணாம்னுட்டியான்னு கேப்பானே," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்களுக்கு ரிசல்ட் வர எத்தன நாளாச்சு? அத்தன நாளும் எப்பிடித் தூங்குனீங்க?" என்று கேட்டாள்.

அவள் ஆறுதலுக்காகக் கேட்டாள். அதற்கும் ஒரு பொய்யைத் தயார் செய்ய என்னால் முடியவில்லை. நான் பார்க்கவே இல்லை என்று சொன்னேன். என் தம்பியைச் சொன்னேன், மாமனைச் சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் நான் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் பையனை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அவிநாசி தாண்டிய பிறகுதான் திரும்பினாள்.

"பொய் சொல்லி என்னையக் கூட்டிட்டு வந்துருக்கீங்க."

"ஆமாக்கா."

"நீங்களும் பாருங்க. நான் ஒருத்தியாப் பயந்துக்கிட்டுக் கெடக்க முடியாது."

அது கோபமா, கெஞ்சலா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. பார்க்கிறேன் என்று சொன்னேன்.

சொன்னேனே தவிர, தள்ளிப்போட வழி தேடினேன். அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை கொமரலிங்கத்தில் அடுத்த கூட்டம் இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், எங்களைத் தெரிந்த ஜனங்கள் முன்னால் நின்று நான் பேச வேண்டும். முதல் நாளே மேடமுக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன். தம்பிக்கு அப்பா சொன்ன அதே காய்ச்சல். மேடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். கூட்டத்தை அவரே நடத்திவிட்டு வந்தார். கேள்வி எதுவும் வரவில்லை, எல்லோரும் பேசாமல் கேட்டுவிட்டுக் கலைந்துபோனார்கள் என்றார். இதற்கு முன்னால் எந்தக் கூட்டமும் அப்படி இருந்ததில்லையாம்.

என்னைச் சோதிக்க வேண்டுமானால் முதலில் அம்மாவின் ரத்தம் வேண்டும் என்று கோவை டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி இல்லை, அதனால் பழுது எந்த இடத்தில் என்பதை அம்மாவிடம்தான் தேட முடியும். அடுத்த ஞாயிறு ஊருக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து எப்படித் தொடங்குவது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அம்மா அடுப்படியில் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள். நான் தொடங்குவதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க கண்ணு. நானும் போயிருந்தேன்."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"அந்த டீச்சரம்மா ஒரு வட்டத்தப் போட்டு நடுவுல புள்ளி வெச்சாங்க. அம்மாகிட்ட இருந்துதான் புள்ளைக்குப் போகுதுன்னாங்க. அக்கம்பக்கத்துல இருந்தவங்க யாரும் என்னையத் திரும்பிப் பாக்கல. பாக்காம இருக்கறதுக்கே கஷ்டப்பட்டாங்க." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "என்னாலதானா கண்ணு? நான்தான் அவனுக்குக் குடுத்தனா?"

இத்தனை வருஷமாக நான் எனக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு அம்மாவைத் தயார் செய்யக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் தெரிந்து செய்யவில்லை, யாராலும் இதைத் தெரிந்து செய்ய முடியாது, அவளுக்கும் அவள் அம்மாவிடமிருந்துதான் வந்திருக்கும் என்றேன். கூட்டங்களில் நான் சொன்ன எல்லா வார்த்தைகளும் அந்த அடுப்படியில் எனக்கே பொய்யாகக் கேட்டன. அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "எப்பப் போகோணும்?" என்று மட்டும் கேட்டாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லவே இல்லை. அவளாகவே புரிந்துகொண்டிருந்தாள்.

செக்கிங் அக்காவும் நானும் ஒரே மாதத்தில் காத்திருந்தோம். அவளிடம் அந்தப் பழுது இருப்பது ஊர்ஜிதமாகி, வயிற்றுப் பிள்ளையின் நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுத்து அனுப்பியிருந்தார்கள். என் ரத்தமும் அம்மாவின் ரத்தமும் வேறொரு நகரத்து ஆய்வகத்துக்குப் போயிருந்தன. தேநீர் நேரத்தில் அவள் சோதனைக்கூடத்து வாசலுக்கு வருவாள். அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். ஒருநாள் அவளுக்குக் குமட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுருக்கம் பார்க்க வைத்த துணியை இரண்டு தடவை தப்பாக அளந்து மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்.

முதலில் அவள் முடிவு வந்தது. பிள்ளைக்கு நோய் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கும் வரைக்கும் தான் என்ன செய்வதென்று முடிவெடுக்கவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள். அன்று மாஸ்டர் கட்டிங் பிரிவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். என்னிடமும் நீட்டினார். வாங்கிக்கொண்டு, "நான் அன்னைக்குச் சொன்னது பொய்ங்க. இப்பத்தான் பாத்திருக்கறனுங்க. இன்னும் வரலீங்க," என்றேன். அவர் மிட்டாய்த் தட்டைக் கீழே வைத்தார். "நான் அதக் கேட்டிருக்கவே கூடாதுங்க அம்மிணி," என்றார்.

ஒன்பது நாள் கழித்து என்னுடையது வந்தது. எனக்கும் இருந்தது.

அம்மா வரன் வீட்டாரிடம் சொல்ல வேண்டாம் என்றாள். அந்த மாப்பிள்ளையின் எண்ணை வாங்கி நானே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றார். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. ஒரு மாதத்துக்குள் விஷயம் எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் எதிரே கேட்கவில்லை. நான் கடைக்குப் போனால் பேச்சு நின்று, நான் போன பிறகு தொடரும். எதற்குப் பயந்து அத்தனை நாள் மூடி வைத்தேனோ அது அப்படியே நடந்தது.

செக்கிங் அக்காவுக்கு அடுத்த வருஷம் கைக்குழந்தை ஒன்று இருந்தது. பையனுக்கு நடை தளரத் தொடங்கியதும் மாடிப்படி இல்லாத வீடு வேண்டும் என்று குடும்பத்தோடு தேனிப் பக்கமே போய்விட்டார்கள். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு எண் மாறிவிட்டது. அவள் பையனுக்கு இப்போது எத்தனை வயதாகியிருக்கும் என்று நான் கணக்குப் போடுவதில்லை. போட்டால் என் தம்பியின் வயதைத் தாண்டுகிறானா என்று மனசு தேடும்.

நாலு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். எழுந்து போய்விடாமல் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். முழுகாமல் இருந்த பன்னிரண்டாவது வாரம் நானும் அதே மருத்துவமனைப் படுக்கையில் படுத்தேன். பதினைந்து நாள் காத்திருந்தோம். நோய் இல்லை என்றார்கள்.

பிறந்தது பெண். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய வட்டத்துக்குள் புள்ளி இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை. பெரியவளானதும் அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று டாக்டரும் சொன்னார், எங்களுக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஒருநாள் அவளை உட்கார வைத்து நான் சொல்லியாக வேண்டும். நூறு பேர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொன்ன விஷயம்தான். அவள் ஒருத்தியிடம் எப்படித் தொடங்குவது என்று இப்போதே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.